உச்சிவெயிலில் நிற்கும் கணினி

அண்மையில் கிளிநொச்சியில் நடந்த பரிசளிப்பு வைபவமொன்றில், கல்வியறிவு மிக்க ஒருவர், கணினி திருத்துவது இனி ஒரு தொழிலாகக் கருதத்தக்கதன்று என்றும், பழுதான பாகத்தைக் கழற்றிப் புதிய பாகத்தைப் பூட்டுவதற்குக் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்தாலே போதும் என்றும் மாணவர் முன்னிலையில் அபிப்பிராயம் கூறினார். சபையும் கைதட்டியது. ஏ9 வீதியோரத்தில் சிறு கடை நடத்தி, இத்தொழிலாலேயே குடும்பத்தைக் காப்பாற்றி, இப்போது கடையை மருமகனிடம் ஒப்படைக்கும் வயதை எட்டியுள்ள எனக்கு அந்த வார்த்தை ஆழ்ந்த வருத்தத்தைத் தந்தது. அது எவ்வளவு பிழையானது என்பதை, றாம் கூட்டிய பின்னர் நின்று நின்று போகும் கணினி என்ற ஒரேயொரு விஷயத்தைக் கொண்டே நிறுவலாம் என்று துணிகிறேன்.

வன்னியில் இவ்வேலை பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020 இல் தொற்றுநோய் பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டுக்கொரு கணினி வேண்டியதாயிற்று. 2022 இல் டொலரின் விலை இரண்டே மாதங்களில் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ஐத் தொட்டபோது, புதியது வாங்கும் எண்ணத்தைச் சனங்கள் அடியோடு கைவிட்டு, உள்ள பெட்டிக்கே 4 ஜிபியை 8 ஆக்கிக்கொண்டு காலந்தள்ளலாயினர். கொழும்பு யூனிட்டி பிளாசாவிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் பாவித்த றாம்கள் பஸ்ஸேறி வந்தன. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டில், நின்றும் வந்தும் அலைக்கழித்த மின்சாரத்தில், அந்தப் பழைய பெட்டிகள் உழைத்தன.

சாதாரணமான பழுதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.35 வோல்ற்றுக்கென்றே அமைந்த மடிக்கணினியில் 1.5 வோல்ற் டிடிஆர்3 பூட்டப்பட்டிருக்கும். அல்லது பயோஸில் எக்ஸ்எம்பியை இயக்கி, மதர்போட் தாங்காத வேகத்துக்கு றாம் விரட்டப்பட்டிருக்கும். அல்லது நமது செம்மண் புழுதி துளைக்குள் படிந்து, பொற்தொடுகைகள் சரிவரப் பொருந்தாதிருக்கும். அழிறப்பரால் மெல்லத் துடைத்து, பயோஸைப் பழைய நிலைக்கு மீட்டு, இரு பக்கக் கொளுக்கியும் விழும்வரை அழுத்திப் பூட்டினால் பாதிப் பெட்டிகள் எழுந்துவிடும். மீதிப் பாதியில்தான் தொழில் இருக்கிறது.

அந்த மீதிப் பாதிக்கான வித்தையை எனக்குக் கற்பித்தவர் கணினியைத் தொட்டே அறியாதவர். அவர் ஒரு றேடியோ மெக்கானிக். 1996 இல் போரினால் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரத்தில் ஒரு மரத்தடியில் மேசை போட்டு இருந்தவரிடம் நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரி உள்ளே வருவதில்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்ட காலம் அது. பற்றவைக்கும் இரும்பைக் கரியடுப்பில் காய்ச்சி, செத்த றேடியோவின் உறுப்பை உயிருள்ள றேடியோவுக்குப் பொருத்திய அவர், ஒரு மின்தேக்கியை வீணாக்குவதைப் பாவமென்று கருதினார். மாற்றிப் பார்ப்பதற்கு மற்றொன்று இல்லாத இடத்தில், எது கெட்டதென்பதைச் சிந்தித்தே அறிய வேண்டியிருந்தது. ஆகவே அவருடைய சிந்தனை கூர்மையுற்றது. ஆணியைத் திருக நான் அவசரப்பட்டபோதெல்லாம் அவர் என் கையைப் பிடித்து நிறுத்துவார்.

“தம்பி, கழட்ட முன்னம் கேள். எப்ப நிக்குது, எங்க வைச்சிருக்கேக்க நிக்குது எண்டு கேள். கேக்காமல் கழட்டினா ஒரு பழுது ரெண்டாகும்” என்பார்.

கொண்டுவந்தவர் சொல்வது முழுவதையும், இடையே குறுக்கிடாமல், ஒரு கொப்பியில் எழுதுவார். எழுதியபின் ஒரு மாற்றம் செய்வார், ஒன்றே ஒன்று. அதன் பலனைக் கண்டு குறித்த பின்னரே இரண்டாவதில் கை வைப்பார். இரண்டை ஒருங்கே மாற்றி றேடியோ பாடினாலும் அவருக்குத் திருப்தி வராது. எதனால் பாடியதென்று தெரியாத வேலையை வேலையென்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. நோயாளியை அவன் படுத்த பாயிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்தின் பெருமையைப் பின்னாளில் புதுக்குடியிருப்பில் கண்டேன். தகரக் கூரையின் கீழ் இயங்கிய ஒரு ஸ்ரூடியோவில், கலியாண அல்பம் வடிவமைக்கும் கணினிக்கு மற்றொரு கடையில் றாம் கூட்டியிருந்தார்கள். அன்று முதல் அது நீலத்திரை காட்டி நின்றது. ஒருநாள் மெமறி மனேஜ்மென்ற் என்றும், மறுநாள் பேஜ் போல்ற் என்றும் காரணம் மாறிமாறி வந்தது. விற்ற கடை புதிய றாமை இருமுறை மாற்றிக் கொடுத்தும் பயனில்லாமல், மதர்போட் போய்விட்டது, போமற் அடித்துப் பார்ப்போம், இல்லையேல் பெட்டியையே மாற்றுங்கள் என்று கைவிரித்துவிட்டது. என்னிடம் வந்தபின், றாமைச் சோதிக்கும் மெம்ரெஸ்ற்86 இரவு முழுவதும் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. கிறிஸ் பிறேடி என்பவர் 1994 இல் எழுதித் தந்த அந்தச் சோதனையைத் தொழில்செய்வோர் நம்புவார்கள், நானும் நம்புகிறேன். ஆயினும் உரிமையாளரிடம் கேட்டபோது, காலையில் நிற்பதில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நிற்கிறது என்றார். அவ்வளவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

பெட்டியை அவருடைய மேசைக்கே திருப்பிக் கொண்டுபோய், மூடியைப் பூட்டி, பரந்தன்–முல்லைத்தீவு வீதி கானலில் நெளியும் உச்சிவேளையில் அதே சோதனையை ஓட்டினேன். பிழைகள் தோன்றின. பின்னர் ஒவ்வொரு றாமாகத் தனியே பூட்டி, அதே வெயிலில், இரண்டு துளைகளிலும் மாற்றி ஓட்டினேன். புதிய றாம் எங்கும் சுத்தமாயிருந்தது. எந்தக் குற்றமும் சுமத்தப்படாத பழைய றாமோ எந்தத் துளையில் இருந்தாலும் அதே முகவரியில் அதே பிட்டைப் பிழையாகக் காட்டியது.

இதன் காரணகாரியம் விளக்கத்துக்குரியது. 1966 இல் ஐபிஎம்மில் றொபேட் டெனார்ட் கண்டறிந்த முறைப்படி, றாமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் கொண்டது. அத்தேக்கியின் மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட வேண்டும். உஷ்ணம் ஏறக் கசிவும் ஏறும். 85 பாகை செல்சியஸுக்கு மேல் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. பலவீனமான கலமொன்று அவ்வெல்லையை எட்டுமுன்னரே தவறிவிடும். பழைய றாம் தனித்திருந்த காலத்தில் அந்தக் கலம் பெரும்பாலும் படங்களின் இடத்தில் விழுந்து, ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிவிட்டு எவர் கண்ணிலும் படாதிருந்திருக்க வேண்டும். இரண்டாவது சேர்ந்து இரட்டைச் சனலாகி முகவரிகள் இடைமிடைந்தபோது, வின்டோஸின் உயிர்நாடியான பகுதி அக்கலத்தின் மேல் வந்து அமர்ந்தது. அருகில் மற்றொரு றாம் வந்ததால் வெக்கையும் கூடியது. பின்னால் வந்தது என்ற ஒரே காரணத்தால் புதிய றாமைக் குற்றவாளியாக்கிய அவசரம், ஒரு நல்ல மதர்போட்டையும் பலி கொள்ளவிருந்தது.

அதைவிடக் கொடிய பலியொன்றும் நிகழவிருந்தது. போமற் அடித்திருந்தால் அந்த ஸ்ரூடியோவில் இருந்த படங்கள் அனைத்தும் அழிந்திருக்கும். போரின் முடிவில், 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த சனங்கள் அல்பங்களைச் சுமந்து வரவில்லை. கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்கள் பிற்பாடு அனுப்பிய பிரதிகளே, இறந்துபோன பிள்ளையின் முகமாகவும் தகப்பனின் முகமாகவும் இன்று பல வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன. அவற்றின் மூலங்கள் இத்தகைய கணினிகளில் கிடக்கின்றன. எனவே போமற் என்ற சொல்லை முதற்சொல்லாக எடுப்பவனை, எவ்வளவு விரைவாக வேலை முடித்தாலும், தொழிலாளியென்று மதிக்க என் மனம் இசையவில்லை. அவன் பழுதுக்கான சாட்சியத்தையும் அழிக்கிறான். மீளப் பெறமுடியாத உடைமையையும் அழிக்கிறான்.

இன்றைய இளைஞர்களுக்கு ஆற்றல் குறைவில்லை. அறிவியல் நகரில் பொறியியற் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் நிற்கும் நாளில் கல்விக்கும் குறைவில்லை. குறைந்திருப்பது சிரத்தை. ஒரு மணித்தியாலத்தில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று வாடிக்கையாளர் நெருக்குகிறார். நெருக்குதலுக்குப் பணிந்து, மூன்று பாகத்தை ஒருங்கே மாற்றி, மூன்றுக்கும் பணம் வாங்குகிறார்கள். எது பிழைத்ததென்று கேட்டால் பதிலில்லை. கேட்டு எழுதும் கொப்பி எந்தக் கடையிலும் என் கண்ணில் படுவதில்லை. மருமகனுக்கு நான் விதித்திருக்கும் நிபந்தனை மூன்று: கேட்டதை எழுதாமல் ஆணி கழற்றக்கூடாது, பிரதி எடுக்காமல் போமற் என்று வாய்திறக்கக்கூடாது, எதனால் நின்றது என்று சொல்ல இயலாத பெட்டிக்குக் கூலி வாங்கக்கூடாது. பாகம் மாற்றுவதைக் காணொளி கற்றுத்தரும் என்பது மெய்யே. எந்தப் பாகத்தை மாற்றக்கூடாதென்று அறிவதற்கு ஒருவனிடம் சில வருஷங்கள் இருந்து கற்க வேண்டும். அப்படிக் கற்றவனுடைய தொழிலைத் தொழிலென்று அழைக்கச் சபைகள் தயங்க வேண்டியதில்லை.