ஒரகடம் ஐடிஐயும் கையில் இருக்கும் போனும்

போன்தான் பசங்களைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒரகடம் அரசு ஐடிஐ பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தின் மையங்களை 2023-இல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தது இங்கேதான்.

இங்கே, கணினி ஆட்டுவிக்கும் சிஎன்சி மெஷினுக்கான புரோகிராமை முதலில் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். தப்பாக எழுதினாலும் டூல் உடையாது (வாத்தியார் திட்டும் மிச்சம்). பிறகு அதையே மெஷினில் ஏற்றி இரும்பைக் கடையலாம். கையும் கண்ணும் சேர்ந்து உழைக்கும்போது ரீல்ஸ் ஞாபகம் வருமா?

வெறும் திரை மட்டும் இருந்தால் போதாது. 2020 ஊரடங்கில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிய ஆன்லைன் வகுப்புகளில் கைக்கு வேலையே இல்லை.

அதனால், அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரும் கம்பெனிக்காரர்களே, கூடவே பிள்ளைகள் தொட்டுச் செய்து பார்க்க நாலு கருவிகளும் கொடுங்கள்.