எழுத்தை மூடிவிட்டுப் பாருங்கள்

ஒரு படப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. எழுத்து இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போவேன். கதை ஓரளவு பிடிபட்டால் புத்தகம் தேறும். பிறகு கையை எடுத்துவிட்டு எழுத்தைப் படிப்பேன். எழுத்து சொல்லாத ஒன்று படத்தில் நடந்துகொண்டிருந்தால் விலையைக்கூடப் பார்க்க மாட்டேன், எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலைபார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சின்னமனூரில் மூன்று வயதுப் பேத்தியோடு மாலை நேரங்கள் போகின்றன. வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படம் காட்டுவது ஒரு வேலை. மடியில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக் காட்டுவது முற்றிலும் வேறு வேலை. மடியில் இருக்கிற குழந்தையின் கண் எங்கே போகிறது என்பது அதன் தலையசைவிலேயே நமக்குத் தெரிந்துவிடும். இடது பக்க மூலையில் இருக்கிற சின்னத் தவளையை அது பார்த்து முடிக்கும்வரை நாம் பக்கத்தைத் திருப்பக் கூடாது. படப் புத்தகம் வாசிப்பதில் பாதி, பக்கம் திருப்பத் தெரிவதுதான்.

அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் புத்தகம் ஒன்று உண்டு. ஆங்கிலேய ஓவியர் பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்டது. ரோசி என்கிற கோழி பண்ணை முற்றத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வீடு திரும்புகிறது. அவ்வளவுதான் கதை; புத்தகம் முழுவதும் 32 சொற்கள்தான். ஆனால் படத்தில் கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை! நரி பாய்கிறது, சருகு வாருகிற பல் வைத்த கம்பை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது. அடுத்த பாய்ச்சலில் குளத்துக்குள் விழுகிறது, அப்புறம் வைக்கோல்போரில் புதைகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடிப்போகிறது. கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுத்தில் உள்ளதை மட்டும் நிதானமாக வாசிக்கிறேன். பேத்தியால் பொறுக்க முடிவதில்லை. “அம்மாச்சி, நரி! பின்னாடி நரி வருது!” என்று என் கன்னத்தைப் பிடித்துத் திருப்புகிறாள். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற நிலை மூன்று வயதில் எத்தனை முறை கிடைக்கும்? அந்த இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. “ஆமாம் கண்ணு, நரிதான்” என்று சொல்லிவிட்டால் அவளுடைய நரி என்னுடையதாகிவிடும்.

படம் காட்டும்போது “இது என்ன கலர், இதில் எத்தனை வாத்து?” என்று கேட்டுக்கொண்டே போவது பரவலான பழக்கம். அதை விட்டுவிடச் சொல்லி இளம் தாய்மார்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்டால் குழந்தை படத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும், விடை சரியா தப்பா என்று.

நல்ல படப் புத்தகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் புத்தகக் கடை என்றால் நோட்ஸ், கைடு, அதற்குப் பக்கத்தில் பளபளப்பான தாளில் குழந்தைப் பாட்டுப் புத்தகம். அதில் ஆப்பிள் இருக்கும், பனிவீடு இருக்கும், வரிக்குதிரை இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆப்பிளும் பனிவீடும் எதற்கு, திராட்சைப் பந்தலையும் நெல்வயலையும் காட்ட வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாஸ்கோவின் ராதுகா பதிப்பகம் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சல்லிசான விலைக்குக் கிடைத்தன. பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டும் படங்கள் அவற்றில் இருந்தன. மார்கழிக் குளிரைத் தாண்டி எதையும் அறியாத பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். அந்தப் பனியை வரைந்தவர் அதில் கால் புதைய நடந்திருக்கிறார். அது கோட்டில் தெரிகிறது. பாட்டுப் புத்தகத்துப் பனிவீட்டை வரைந்தவர் எதையும் பார்க்கவில்லை, இன்னொரு புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். அதே ஆள் திராட்சைப் பந்தலை வரைந்தாலும் அது பந்தலாக இருக்காது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்த வரத்தும் நின்றுபோனது. அந்த இழப்பை நான் இன்றும் உணர்கிறேன்.

ஆனால் அதே பத்தாண்டில் சென்னையில் வேறொன்று தொடங்கியது. 1994இல் கீதா வுல்ஃப் தாரா பதிப்பகத்தையும், 1996இல் ராதிகா மேனன் துலிகா பதிப்பகத்தையும் ஆரம்பித்தார்கள். துலிகாவின் புத்தகங்கள் தமிழிலும் வருகின்றன. பெங்களூரில் 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கதைகளைக் கொடுத்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்து நடுவில் தைத்துக்கொண்டால் கைக்கு ஒரு புத்தகம். செல்போன் திரையில் காட்டுவதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கிறது. திரையில் குழந்தையின் விரல் பட்டால் பக்கம் ஓடிவிடுகிறது, தாளில் விரலை வைத்தால் படம் அங்கேயே நிற்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குக் கொடுத்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதுரைக்குப் போகிறவர்கள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் ஒரு முற்பகல் செலவிடலாம். வாங்கும்முன் புரட்டிப் பார்க்க அப்படியோர் இடம் இந்தப் பக்கத்தில் முன்பு இருந்ததில்லை.

துலிகாவின் புத்தகங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு உயிர் ‘கஜபதி குலபதி’தான். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. பெரிய யானை, மழையில் நனைகிறது, சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. யானைத் தும்மல் என்றால் சும்மாவா! 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை கம்பம் நகருக்குள் புகுந்து தெருத்தெருவாக ஓடியது நினைவிருக்கும். 144 தடை உத்தரவு போட்டார்கள், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகும் பல நாள் பிள்ளைகள் செல்போனில் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற யானை, கத்துகிற ஜனம், ஆடுகிற கேமரா. அதில் யானையை யாரும் பார்க்கவே முடியாது. நான் கஜபதி குலபதியை எடுத்துத் திண்ணையில் விரித்தேன். இந்த யானை ஓடவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள விட்டு நிற்கிறது. “இதுக்கும் சளி பிடிக்குமா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். “அரிக்கொம்பனுக்குப் பிடிச்சிருந்தா?” என்றான் இன்னொருவன். பயந்த விலங்கைப் பற்றி ஒரு குழந்தை பரிவோடு கேட்க, அது அசையாமல் நிற்கிற ஒரு படம் தேவைப்படுகிறது.

அழகான படம் என்றாலே நிறைய வண்ணம் என்று நினைக்கிறவர்களுக்குத் தாராவின் ஒரு புத்தகத்தைக் காட்டுவேன். மரத்தில் ஏறிக்கொண்ட புலியைப் பற்றி அனுஷ்கா ரவிசங்கர் எழுதி, புலக் பிஸ்வாஸ் வரைந்தது. கறுப்பும் ஆரஞ்சும் மட்டும்தான். இரண்டே வண்ணத்தில் வரைந்த அந்தப் புலிக்கு 1999இல் பிராட்டிஸ்லாவா ஓவியக் கண்காட்சியில் விருது கிடைத்தது. புலி பயந்து மரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் பக்கத்தில் பேத்தி தன் விரலால் வாலைத் தடவிக்கொண்டே போவாள். என் கையில் இருப்பது ஆங்கிலப் பதிப்பு, அதனால் என்ன? “அட ஆத்தி, புலி எங்கிட்டு ஏறிக்கிருச்சு பாரு” என்று எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். எழுத்தை மூடிப் பார்த்துப் பழகியவர்களுக்கு எந்த மொழிப் புத்தகமும் அந்நியமில்லை.

தாராவின் இன்னொன்று, கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த, மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய புத்தகம். கையால் செய்த கறுப்புத் தாளில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகத் திரை அச்சில் கையாலேயே இழுத்திருக்கிறார்கள். முகர்ந்தால் மை வாசம் அடிக்கும், தடவினால் கோடு தட்டுப்படும். 2008இல் போலோன்யாவில் பரிசு பெற்றது. விலை அதிகம்தான், சிறு குழந்தைக்கென்று செய்ததும் அல்ல. இருந்தாலும் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கி, முறைவைத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறோம். பிள்ளை கிழித்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். தாளின் கனத்தைக் கையில் உணர்ந்த குழந்தை தானாகவே மெதுவாகப் புரட்டுகிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கை நேரில் பார்த்து வரைந்த ஒரு புத்தகம் வேண்டும் என்று எனக்கு ஆசை. அதன் வடிவம்கூட மனசில் இருக்கிறது: 24 பக்கம், அகலவாக்கில். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைவது முதல் பக்கம். லோயர் கேம்ப்பில் பெரிய குழாய்கள் வழியாக இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்று நடுகிறவர்கள், திராட்சைப் பந்தல், கௌமாரியம்மன் கோயில் திருவிழா ராட்டினம் எல்லாம் கரையில் வரட்டும். எழுத்தில் தண்ணீரைப் பற்றி மட்டும் இருக்கும். படத்தில், எழுத்தில் எங்குமே இல்லாத ஒரு மீன்கொத்தி பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வைகை அணைப் பக்கத்தில் அதன் வாயில் மீன். வரையத் தெரிந்த பிள்ளைகள் தேனியிலும் போடியிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜூன் மாதம் தண்ணீர் திறந்துவிடும் நாளில் நோட்டும் பென்சிலுமாக லோயர் கேம்ப்பில் வந்து நின்றால், சொற்களை நான் எழுதித் தருகிறேன். முப்பதுக்கு மேல் போகாது.