தரைக்கு அடியில் இருக்கும் படகு

மினியாபொலிஸ், மே மாதம்



இங்கே ஏரிகளில் பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது. இலையுதிர் காலத்தில் கழற்றிக் கரையேற்றிய மரத்துறைகளை வீட்டுக்கு வீடு மறுபடி தண்ணீரில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற கோடையின் முடிவில் நான் வாங்கிய பழைய படகு ஒன்று, குளிர்காலம் முழுக்க என் கராஜில் பழுது பார்க்கப்பட்டு, இப்போது டிரெய்லரில் ஏறி நிற்கிறது. இந்த மாத மடல் அதைப் பற்றியது.

மோட்டார் படகு என்றதும் பின்பக்கம் எஞ்சின் தொங்கும் ஃபைபர் படகுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு ஜாதி. நீர்ச்சறுக்கு வீரரை இழுப்பதற்கென்றே கட்டியது. சுமார் 19 அடி நீளம். 1980களில் ஃபுளோரிடாவில் பிறந்தது. பெயர் ஸ்கி நாட்டிக் 2001. எஞ்சின் படகின் நடுவில், ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்.

நான் வாழும் மினசோட்டாவுக்கும் இந்த விளையாட்டுக்கும் தாய்வீட்டு உறவு. மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகிற இடத்துக்குப் பெப்பின் ஏரி என்று பெயர். அதன் கரையிலுள்ள லேக் சிட்டியில் 1922 ஜூலை 2ஆம் தேதி, 19 வயது நிறைய ஒரு நாள் இருந்த ரால்ஃப் சாமுவெல்சன் முதன்முதலாகத் தண்ணீரின் மேல் சறுக்கி நின்றார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார், இரண்டும் மூழ்கின. பிறகு 8 அடி நீளப் பைன் பலகைகளை வாங்கி, முனைகளை வெந்நீரில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்தார். தோல் பட்டைகளில் காலை நுழைத்துக்கொண்டு, பலகை முனை நீருக்கு மேலே தெரியும்படி பின்னால் சாய்ந்து நின்றபோது காரியம் கைகூடியது. படகை ஓட்டியவர் அவருடைய சகோதரர். அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் சாமுவெல்சனை முதல் சறுக்காளர் என்று ஏற்றுக்கொள்ள 1966 வரை ஆனது.

சறுக்குக் கட்டை தேறிய பிறகு, அதை இழுக்கும் படகும் தேற வேண்டியிருந்தது. நீர்ச்சறுக்கில் உயர்ந்த கலை ஸ்லாலம். ஆறு மிதவைகளை இடமும் வலமுமாகச் சுற்றி வர வேண்டும். படகு நடுவே நேர்கோட்டில் ஓடும். ஆண்கள் பிரிவில் அதிகபட்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் படகு கிளப்பும் அலையைச் சறுக்காளர் திரும்பத் திரும்பக் குறுக்கே கடக்கிறார். அலை உயர்ந்து கடினமாக இருந்தால் கால் துள்ளிவிடும். அலை தாழ்ந்து மென்மையாக இருக்க வேண்டுமானால் கனம் பின்பக்கம் குவியக் கூடாது. எஞ்சினை நடுவில் வைத்ததன் காரணம் இதுதான். இழுகயிற்றைப் பூட்டும் தூணும் நடுவிலேயே நிற்கிறது. அதனால் சறுக்காளர் பக்கவாட்டில் முழு பலத்தோடு இழுத்தாலும் படகின் பின்முனையான அமரம் அந்தப் பக்கம் திரும்பிவிடாது. அடியில் இருக்கும் உலோகத் துடுப்புகள் போக்கை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. புரொப்பெல்லரும் படகுக்கு அடியிலேயே, சுக்கானுக்கு முன்னால் சுழல்கிறது. பின்னால் நீரில் கிடப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

இந்தப் படகைக் கட்டிய கரெக்ட் கிராஃப்ட் நிறுவனத்தை 1925இல் மெலூன் என்ற குடும்பம் தொடங்கியது. 1945இல் ரைன் நதியைக் கடக்க அமெரிக்கப் படைக்கு அவசரமாகப் படகுகள் தேவைப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டோம் என்ற தங்கள் மதநெறியை விடாமலே, சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான படகுகளைக் கட்டி அனுப்பினார்கள். 1950களின் இறுதியில், ஒரு ராணுவ ஒப்பந்தத்தில் லஞ்சம் கொடுக்க மறுத்ததால் நொடித்துப்போனோம் என்று அந்தக் குடும்பம் தன் வரலாற்றைச் சொல்கிறது. 1958இல் திவால் பாதுகாப்புக்குப் போனார்கள். சட்டப்படி கொடுக்கத் தேவையில்லாத பாக்கியையும் கடன்காரர்களைத் தேடித்தேடி 1984 வரை அடைத்தார்கள். லியோ பென்ட்ஸ் என்ற நீர்ச்சறுக்கு ஆசிரியர் வடிவமைத்த ஸ்கி நாட்டிக்கை அவர்கள் 1961இல் கொண்டுவந்தது, அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான்.

புதிய போட்டிப் படகின் விலை ஒரு லட்சம் டாலரை எளிதில் தாண்டிவிடும். 1980களின் படகு சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கிறது. பழைய படகின் விலையைத் தீர்மானிப்பது மேற்பூச்சின் பளபளப்போ இருக்கையின் கிழிசலோ இல்லை. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான்.

ஃபைபர் கூட்டின் உள்ளே, முன்முனையான அணியத்திலிருந்து அமரம் வரை, நீளவாட்டில் மரச்சட்டங்கள் ஓடுகின்றன. ஸ்ட்ரிங்கர் என்பார்கள். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ அப்படித்தான் படகுக்கு இவை. எஞ்சினையும் இவைதான் தாங்குகின்றன. மரத்தைச் சுற்றி ஃபைபர் துணி போர்த்தி, இடைவெளிகளில் மிதவைக்காக ஃபோம் ஊற்றி, மேலே தரை போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் படகு கட்டிய முறை அதுதான். முறையாகப் பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பத்து, இருபது ஆண்டுகளில் படகு பல கைகள் மாறுகிறது. யாரோ ஒருவர் இருக்கையை நகர்த்த ஒரு திருகாணி முடுக்குகிறார்; துளையில் பசை வைப்பதில்லை. இன்னொருவர் மழையில் மூடாமல் நிறுத்துகிறார். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் ஃபோமில் தங்கி மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கன அடி தண்ணீரின் எடை 28 கிலோ. ஃபோம் தன் கொள்ளளவில் பாதி குடித்தாலும், மிதக்க வைக்க ஊற்றியதே படகை அழுத்தத் தொடங்கிவிடும்.

ஆகவே பழைய படகு வாங்கப் போகிறவர் முதலில் குனிய வேண்டும். எஞ்சின் பெட்டியைத் திறந்து, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே மரம் இல்லை என்று பொருள். சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல மரம் கணீரென்று சொல்லும்; உளுத்தது மொத்தென்று அடங்கும். விற்பவர் சம்மதித்தால் மெல்லிய துளை ஒன்று போட்டு, வெளிவரும் தூள் வெளிறி உலர்ந்திருக்கிறதா, கறுத்து ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றுவதும் நல்ல வழி; ஃபோம் குடித்த தண்ணீர் எடையில் தெரிந்துவிடும்.

அடுத்தது எஞ்சின். இது ஃபோர்டு கார்களில் ஓடிய 5.8 லிட்டர் வி8 எஞ்சினின் கடல்வடிவம், 240 குதிரைத்திறன். ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்ந்து, புகையோடு வெளியேற்றிவிடும். இந்த ஊர்க் குளிரில் அதுவே ஆபத்து. உள்ளே தங்கிவிட்ட தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது. இரும்பு எஞ்சின் கட்டையே பிளந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தப் படகைவிட்டு விலகிவிடலாம். நான் வாங்கியதில் எஞ்சின் நன்றாக இருந்தது. பெரிய சட்டங்கள் உளுத்திருந்தன. தெரிந்தே, அதற்கேற்ற விலைக்கு வாங்கினேன். விற்றவர் முந்தைய உரிமையாளர்களின் ரசீதுகள் அடங்கிய கோப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

குளிர்காலம் அந்தச் சட்டங்களோடு கழிந்தது. தரையை அறுத்து எடுக்கும் முன் படகின் அடிக்கூடு சரியாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு நீங்கிய கூடு தொய்ந்து வடிவம் மாறிவிடும். ஆகவே சட்டங்களை ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். எஞ்சின் அமரும் உயரங்களை முன்பே அளந்து எழுதிவைத்தேன். ஈர ஃபோமைக் கரண்டியால் தோண்டித் தோண்டி எடுத்த நாட்கள்தான் கடினமானவை. ஃபைபர் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். மூச்சில் போகக்கூடாது என்பதால் வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். புதிய சட்டங்களுக்கு டக்ளஸ் ஃபர் மரம் வாங்கினேன். பாலியெஸ்டர் பிசினைவிட எப்பாக்ஸி மரத்தை நன்றாகப் பற்றும் என்பதால் அதையே பயன்படுத்தினேன். குளிரில் எப்பாக்ஸி இறுகாது. கராஜுக்குள் இரவு பகலாக ஹீட்டர் ஓடியது. போல்ட் போகும் ஒவ்வொரு துளையையும் முதலில் பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். அப்படிச் செய்தால் திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீர் நுழைந்தாலும் மரத்தைச் சேராது.

எஞ்சினைத் திரும்ப உட்கார வைத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கூடவே நின்றார். எந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சினிலிருந்து வரும் தட்டும் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் தட்டும் முகத்துக்கு முகம் பொருந்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் அளந்தாலும் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். சாதாரணத் தாளின் தடிமனைவிடக் குறைவு. அதைவிடக் கூடினால் ஷாஃப்ட் அதிர்ந்து, தாங்கியையும் கியரையும் தின்றுவிடும். அவர் அளவுத்தகட்டை எடுத்து மேலே, கீழே, இடம், வலம் என்று நுழைத்துப் பார்ப்பார். நான் எஞ்சின் காலின் மரையைக் கால் திருப்பு திருப்புவேன். அவசரம் என்பதே அவர் கையில் கிடையாது. தண்ணீரில் இறக்கியதும் இதை மறுபடி பார்க்க வேண்டும், கரையில் இருக்கும் படகும் மிதக்கும் படகும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை என்றார். இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும், இங்கே பிறந்து உழைத்த ஒருவரின் வாழ்நாள் அறிவு இவ்வளவு நெருக்கமாக என் கைக்கு வந்தது இந்த வேலையில்தான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்களோடு பேசியதைவிட, அந்தத் தட்டின் இருபுறமும் மண்டியிட்டு நாங்கள் பேசியது அதிகம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். காரில் ஓடிய எஞ்சின்தானே என்று, கார் உதிரிபாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ போடக் கூடாது. காரில் பெட்ரோல் ஆவி கசிந்தால் காற்றோடு போய்விடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி படகில் அடிப்பள்ளத்தில் தேங்கும்; ஒரு பொறி போதும். படகு பாகங்கள் பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை. சாவியைத் திருப்பும் முன் நான்கு நிமிடம் காற்றோட்ட விசிறியை ஓடவிடுவதும் அதற்காகவே. பணம் மிச்சம் பிடிக்கப் படகில் எத்தனையோ இடம் உண்டு. இது அந்த இடம் அல்ல.

இவ்வளவு உழைப்பு ஒரு விளையாட்டுப் படகுக்குத் தேவையா என்று உறவினர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செலவழித்த நேரத்துக்குக் கூலி போட்டால் கணக்கு ஒத்துவராது. ஆனாலும் தேவை என்றே நினைக்கிறேன். நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒரு பொருளை, அதன் ஒரு பகுதி உளுத்ததற்காகக் குப்பைமேட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த அடிக்கூட்டின் வளைவு இன்றும் பிழையில்லாதது. அது கிளப்பும் மென்மையான அலைக்காக இன்றும் ஸ்லாலம் பழகுவோர் இதைத் தேடி வாங்குகிறார்கள். இந்தப் படகைத் திறந்து, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று பார்த்து, கையாலேயே சீர் செய்ய முடிகிறது. அப்படிப்பட்ட பொருள்கள் வீட்டில் குறைந்துகொண்டே வருகின்றன. என் மகள் கராஜில் என்னோடு எப்பாக்ஸி கலந்தாள். மரம் ஏன் உளுக்கிறது, இரும்பு ஏன் பிளக்கிறது என்பதை அவள் தொட்டுத் தெரிந்துகொண்டாள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இப்படி ஒரு படகு வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு என் பரிந்துரை இது: மேற்பூச்சு மங்கியிருந்தாலும் அடிச்சட்டம் உறுதியான படகை வாங்குங்கள், வர்ணத்தை எப்போது வேண்டுமானாலும் தேய்த்து மெருகேற்றலாம். சட்டம் போயிருந்தால் விலையை அதற்கேற்பக் குறைத்து, ஒரு குளிர்காலத்தை அதற்கு ஒதுக்கத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். மினசோட்டாவில் படகைச் சாலையில் இழுத்துப்போகும்போது அடித்துளை அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ஏரியின் வேண்டாத உயிர்கள் இன்னொரு ஏரிக்குப் போகாமலிருக்க. அதைப் படகுக்குள் தண்ணீர் தேங்காமலிருக்கவும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விற்றவர் தந்த கோப்பில் இப்போது என் பக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. எந்த மரம், எந்த எப்பாக்ஸி, எந்தத் துளை எப்படி அடைக்கப்பட்டது, எஞ்சின் காலின் உயரம் எவ்வளவு என்று அளவுகளோடும் படங்களோடும் எழுதிவைத்திருக்கிறேன். தரையை மூடிவிட்ட பிறகு அந்த வேலையை யாரும் பார்க்கப்போவதில்லை. எனக்குப் பின் இந்தப் படகை வாங்கப்போகிறவர் அதை நம்பித்தான் தன் பிள்ளைகளை ஏற்றுவார். அவருக்கு நான் கொடுக்கக் கூடிய நேர்மையான சாட்சி அந்தப் பக்கங்கள்.



அன்புடன்,
மினசோட்டாவிலிருந்து