மகவறியும் மடி

தாய்நிலம் விட்டுத் தொலைவிற் பிழைக்கும் நம் குடும்பங்களில், பெற்றோர் ஓரிடமும் மகவு ஓரிடமுமாய் இருப்பது அரிதன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் பாட்டியரின் இடுப்பில் வளரும் குழந்தைகள் பலர். குன்னத்துகாலில் உள்ள எம் இல்லத்திலும் அத்தகைய பேரன் ஒருவன் உளன்.

ஐந்து திங்கட் பருவத்தில் அவனை எம் இல்லாளிடம் ஒப்புவித்துவிட்டு, எம் மருமகள் வளைகுடா நாட்டிற்குச் செவிலிப் பணிக்குச் சென்றாள். பதினாறாம் திங்களில் விடுப்பில் வந்தாள். இரு கைகளையும் நீட்டி, "அம்மை வந்திருக்கேன் மக்களே, வா" என்று அழைத்தாள். அவனோ பாட்டியின் சேலையில் முகம் புதைத்து வீறிட்டான். அன்றிரவு அவள் உணவு கொள்ளவில்லை. "என் பிள்ளைக்கு என்னை வேண்டாம், மாமா" என்றாள். அயலார் சிலர், பெற்றவளை மறந்த பிள்ளை என்று பேசவும் செய்தனர். அறியாமையால் எழும் இத்தகைய சொற்கள் செய்யும் கேடு சிறிதன்று.

பிறந்த சில நாட்களிலேயே குழவி தாயின் குரலையும் மணத்தையும் அறியும். ஆயினும், ஒருவரை விடாது பற்றும் பற்று ஏறத்தாழ ஆறு, ஏழு திங்களுக்கு மேலேதான் உறுதிப்படுகின்றது. புதியவரைக் கண்டு மருளும் இயல்பும் அப்போதுதான் தோன்றும். அப்பருவத்தில் எம் பேரனுக்கு அருகிலிருந்தவள் பாட்டி. ஆகவே அவன் அழுகை வெறுப்பன்று. பற்று பழுதின்றி வளர்ந்ததற்குச் சான்றே ஆகும்.

பாலூட்டுவோரையே குழவி பற்றும் என முன்னாளில் அறிஞர் பலர் கருதினர். அமெரிக்கரான ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை அசைத்தது. கம்பிப் பொம்மையிடம் பால்புட்டி இருந்தபோதும், குரங்குக் குட்டிகள் மெல்லிய துணி போர்த்த பொம்மையையே தழுவிக் கிடந்தன. (குட்டிகளைத் தாயினின்று பிரித்த அச்சோதனையை எண்ணவே எமக்கு மனம் கூசுகின்றது.) இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி 1952இல் திரைப்படம் ஒன்றை வெளியிட்டார். பிரிந்த குழந்தை முதலில் கதறும். பின் சோர்ந்து ஒடுங்கும். பிரிவு நீளின், தாய் வந்தாலும் முகந்திருப்பும். குழந்தை அடங்கிவிட்டது என்று நாம் மகிழும் வேளையே அஞ்சத்தக்க வேளை.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1813இல் பிறந்தார். அவரை உறங்க வைக்க இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டு எம்மூர் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றது. ஆனால் அவர் அன்னை கௌரி லட்சுமிபாய் 1815இலேயே மறைந்தார். அன்னையின் தங்கை கௌரி பார்வதிபாயே 1829 வரை நாட்டையும் காத்துக் குழந்தையையும் வளர்த்தார். தாயல்லாதார் மடியும் தாய்மடி ஆகும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று தேட வேண்டுவதில்லை.

விடுப்பு முடிந்ததும் மகனை உடன் அழைத்துச் செல்ல மருமகள் விரும்பினாள். அவளது உரிமையில் யாருக்கும் ஐயமில்லை. எனினும், பாட்டியினின்று ஒரே நாளிற் பிரிப்பது அவனுக்குத் தாயை இழப்பதையே ஒக்கும். கைப்பேசித் திரையில் பாட்டியின் முகத்தைக் காட்டலாமே என்றனர் சிலர். திரையிலுள்ள முகத்தை அவன் பற்றிக்கொள்வது எங்ஙனம்?

ஆகவே மருமகள் அவனை வலிந்து தூக்காமல் அருகில் அமர்ந்திருக்கப் பழகினாள். பாட்டி நீர் வார்க்க, இவள் அவன் முதுகு தேய்த்தாள். ஒன்பதாம் நாள், தான் கடித்த மரச்சீனித் துண்டை அவனே அவள் வாயருகே நீட்டினான். இனி எம் இல்லாளும் உடன் சென்று மூன்று திங்கள் அங்குத் தங்குவாள். செலவு பெரிதுதான், புழக்கடை ரப்பர் மரங்களை ஓராண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கின்றோம்.