பிள்ளையார் வந்து கிளம்பிய கணினி

கும்பகோணத்தில் நான் தொழில் பழகிய டிடிபி கடையில் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் ஷட்டரைத் தூக்குவார். நான் வாசலில் தண்ணீர் தெளிப்பேன். ஊதுபத்தி ஏற்றி, ஸ்டெபிலைசர் முள் 220-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சிபியு பொத்தானை அவரேதான் அழுத்துவார். கறுப்புத் திரையில் மெமரி எண்ணி முடிந்து ஒரு ‘பீப்’ கேட்கும். மற்ற விண்டோஸ் 98 கணினிகளில் நீல வானமும் மேகமும் வரும் அந்த இடத்தில், எங்கள் கடையில் பிள்ளையார் வருவார். சந்தன நிறப் பின்னணி, நெற்றியில் குங்குமம், காலடியில் ‘ஸ்ரீ கணபதி துணை’ என்று அண்ணன் கையால் இழைத்த எழுத்து.

அண்ணன் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். பத்திரிகையின் தலையில் பிள்ளையார், கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. “இவ்வளவு வேலை செய்யுற மெஷின் மட்டும் ஏன் தம்பி மொட்டையா ஆரம்பிக்கணும்?” என்பார். நான் சேர்ந்த 2000-ஆம் ஆண்டிலேயே அந்தப் படம் அங்கே இருந்தது. அதை எப்படி வைத்தார் என்பதுதான் அவரிடம் நான் கற்ற முதல் பாடம்.

விண்டோஸ் 95-உம் 98-உம் கிளம்பும்போது, சி டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், வாசலிலேயே ‘லோகோ டாட் சிஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைக் காட்டும். இல்லையென்றால் ‘ஐஓ டாட் சிஸ்’ கோப்புக்குள் இருக்கும் மேகப் படத்தைக் காட்டும். பெயர்தான் மிரட்டும். உண்மையில் அது பெயின்ட்டில் போடும் சாதாரண பிஎம்பி படம்தான். 320-க்கு 400 புள்ளி, 256 நிறம், மொத்தம் 1,29,078 பைட். ஒரு ஃப்ளாப்பியில் பதினொரு படம் அடங்கும்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. திரைக்கு வரும்போது படத்தின் அகலம் இழுபட்டு இரண்டு மடங்காகும். அதனால் 640-க்கு 480 அளவில் படத்தைப் போட்டுக்கொண்டு, பெயின்ட்டில் அகலத்தைப் பாதியாகவும் உயரத்தைக் கொஞ்சமாகவும் குறுக்க வேண்டும். குறுக்கிய பிள்ளையாரைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். தும்பிக்கை கயிறு மாதிரி, தொந்தியே இல்லாமல், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல நிற்பார். சேமித்துவிட்டுக் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டால், திரையில் தொந்தியும் தும்பிக்கையுமாக நிறைந்து உட்கார்ந்திருப்பார். அதை முதல்முறை பார்த்த அன்று அண்ணனிடம் சொல்லி மூன்று முறை அணைத்துப் போடச் செய்தேன்.

அந்தத் திரையில் எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிரியம். அன்றைக்குக் கணினியில் தமிழ் என்றால் எழுத்துரு போர். ஒருவர் டாம், ஒருவர் டாப், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதம் பாமினி. வாடிக்கையாளர் ஃப்ளாப்பியில் கொண்டுவந்த கோப்பைத் திறந்தால், அதே எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால், மாப்பிள்ளையின் பெயர் கோடும் கொக்கியுமாக நிற்கும். விண்டோஸ் 98-இன் மெனுவிலோ பெட்டியிலோ தமிழ் கிடையாது. ஆனால் லோகோ படத்தில் இருப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். எந்த எழுத்துருவும் அதற்கு வேண்டாம். ஆகவே அந்த இயந்திரத்தில் ஒருநாளும் உடையாத தமிழ், கிளம்பும்போது வரும் ‘ஸ்ரீ கணபதி துணை’யும், கிளம்பிப்போகும்போது வரும் இன்னொரு வரியும்தான். அணைத்து முடித்ததும் ஆரஞ்சு எழுத்தில் ‘இனி கணினியை அணைக்கலாம்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் படமும் இப்படியே மாற்றக்கூடிய ஒரு கோப்பு. அதில் அண்ணன் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று போட்டிருந்தார். எங்களுடையது பழைய ஏடி கேபினெட், தானாக அணையாது. அதனால் தினமும் இரவு அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவோம்.

2003-இல் புதுக் கணினி வந்தது, விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் எடிஷனோடு. முதல் வேலையாக லோகோ டாட் சிஸ் கோப்பை சி டிரைவில் கொண்டுபோய் வைத்தோம். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புத் திரை, நடுவில் விண்டோஸ் சின்னம், கீழே ஒரு சின்னப் பெட்டிக்குள் மூன்று பச்சைக் கட்டங்கள் இடமிருந்து வலம் ஓடிக்கொண்டே இருந்தன. எவ்வளவு வேலை முடிந்தது என்று அந்தக் கட்டங்கள் சொல்வதில்லை, உயிரோடு இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லும். அண்ணன் பேசாமல் ஒரு பழைய பத்திரிகையிலிருந்து பிள்ளையாரைக் கத்தரித்து மானிட்டரின் மூலையில் ஒட்டினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. எக்ஸ்பியில் அந்தப் படம் தனிக் கோப்பு இல்லை. இயங்குதளத்தின் இதயமான கெர்னல் கோப்புக்குள்ளேயே அதைத் தைத்து வைத்திருக்கிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் இன்னும் ஏறாத நேரம் என்பதால் 640-க்கு 480 புள்ளியும் பதினாறே நிறமும்தான். அசல் கெர்னலைத் தொடாமல் நகல் ஒன்று எடுத்து, நகலுக்குள் படத்தை மாற்றி, ‘பூட் டாட் ஐஎன்ஐ’ கோப்பில் இந்த நகலைக் கொண்டு கிளம்பு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். குங்குமத்துக்கு ஒரு நிறம், சந்தனத்துக்கு இரண்டு, அருகம்புல்லுக்கு ஒன்று என்று பதினாறையும் பங்குவைத்தேன். திங்கள் காலை பிள்ளையார் வந்தார், காலடியில் பச்சைக் கட்டங்கள் ஓட. அண்ணன் என் தலையில் கைவைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு உலகம் முழுக்கப் பரவியது. இணையத்தில் இணைந்தாலே போதும், எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி வந்து அறுபதிலிருந்து எண்ணும், பூஜ்யத்தில் கணினி மறுபடி கிளம்பும். முகூர்த்த மாதத்தில், பாதிப் பத்திரிகையில், அந்த எண்ணிக்கையை நாங்கள் எத்தனை முறை பார்த்தோமோ! ஆகவே 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபோது போட்டே ஆக வேண்டும் என்று நான்தான் அண்ணனிடம் சொன்னேன். ஃபயர்வாலைத் தானே இயக்கிவைக்கும் புதுப்பிப்பு அது. 266 எம்பி, எங்கள் டயல்-அப்பில் ஒரு ராத்திரி முழுக்க இறக்கினாலும் போதாது. சிடியில்தான் வாங்கி வந்தோம்.

போடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. புதுப்பிப்பு அசல் கெர்னலை மாற்றிவிடும். பிள்ளையார் இருக்கும் பழைய நகல், புதிய கோப்புகளோடு ஒத்துப்போகாமல் கணினியே கிளம்பாமல் போகலாம். பூட் டாட் ஐஎன்ஐ-இல் சேர்த்த வரியை நீக்க வேண்டும். என் கையாலேயே நீக்கினேன்.

மறுபடி கிளம்பியபோது வந்த திரையும் பழைய எக்ஸ்பி திரை அல்ல. ‘ஹோம் எடிஷன்’ என்ற சொல் இல்லை. கீழே இருந்த ‘1985-2001’ என்ற ஆண்டு இல்லை. பச்சைக் கட்டங்கள் நீலமாகியிருந்தன. அதுவரை புரொஃபஷனலுக்கு நீலம், ஹோமுக்குப் பச்சை. இனி எல்லாப் பதிப்புக்கும் ஒரே படம். கெர்னலோடு படமும் சேர்ந்து மாறியது. பாதுகாப்புக்காக உள்ளே கைவைத்தால், அதே கோப்பில் ஒட்டியிருக்கும் முகமும் மாறும். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பச்சை எங்கள் கடைக் கணினியின் நிறம்.

புதிய கெர்னலில் மறுபடி படம் வைக்கலாம் என்றேன். பாதுகாப்புத் திருத்தங்கள் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருவதாக ஆகிவிட்டிருந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் வரியை எடுத்து, புது நகல் செய்து, திரும்பச் சேர்க்க வேண்டும். அண்ணன் கேட்டுவிட்டு, “வேண்டாம் தம்பி. சாமியை மாசாமாசம் இறக்கி ஏத்தக் கூடாது” என்றார்.

அதன்பின் வந்தவற்றில் அந்த வாசல் இன்னும் உள்ளே போய்விட்டது. விண்டோஸ் 7-இல் நான்கு நிற ஒளிகள் சுற்றிவந்து சின்னமாகும். அழகுதான், மறுக்கவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபிறகு, கணினியைச் செய்த நிறுவனத்தின் சின்னமே ஃபர்ம்வேரிலிருந்து வந்து நிற்கிறது, கீழே புள்ளிகள் சுழல்கின்றன. கிளம்பும் கோப்பில் ஒரு பைட் மாறியிருந்தாலும் செக்யூர் பூட் அதை ஓடவிடாது. கிளம்பும் நேரத்திலேயே புகுந்துகொள்ளும் நாசகார நிரல்களைத் தடுக்க அது வேண்டியதுதான். லினக்ஸில் இன்றும் பிளிமத் வழியாக நம் படத்தை வைக்கலாம், என் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி வேகத்தில் மூன்று விநாடிகூட நிற்பதில்லை. அந்தப் பழைய கணினியில் பிள்ளையார் ஒரு நிமிஷம் இருப்பார். ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டிவிட்டு அண்ணன் திரும்பி வந்து உட்கார அது சரியாக இருக்கும்.

அண்ணன் 2011-இல் கடையை மூடினார். விண்டோஸ் 98 கணினி மாடிப்படியின் கீழே கிடந்து, எடைக்குப் போயிற்று. அதன் 4.3 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் உள்ளேயே போயிற்று. அவர் இழைத்த அந்த எழுத்து வேறெங்கும் இல்லை. எனக்குச் செய்தி தெரிந்தது இரண்டு மாதம் கழித்து.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய விண்டோஸ் 95-ஓ 98-ஓ இருக்கும் பெட்டி கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் ஒருமுறை ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். யாராவது படத்தை மாற்றியிருந்தால், சி டிரைவைத் திறந்ததும் வாசலிலேயே இருக்கும், லோகோ டாட் சிஸ். தயவுசெய்து அதை நகலெடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.