வாதக்கார வம்சம்

எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கை கால் விழுவது புதிதல்ல. அப்பாவுக்கு 61 வயதில், சித்தப்பாவுக்கு 57-ல். மூன்றாவதாக, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் தம்பிக்கு 54-ல் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்ததால் வந்த பக்கவாதம். "அது வாதக்கார வம்சம்பா" என்று உறவுக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

பேச்சோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தம்பி மகளுக்கு வரன் பேசி, தட்டு மாற்றத் தேதியும் குறித்திருந்தோம். "பொண்ணுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமே" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவள் அரக்கோணத்துக்கே வந்து, "பெரியப்பா, அதை எடுத்தா என்ன தெரியும்?" என்று கேட்டாள். ரயில்வேயில் 34 வருடம் சிக்னலோடு குடும்பம் நடத்தியவனுக்கு ஜீனைப் பற்றி என்ன தெரியும்? தம்பியைப் பார்க்கும் நரம்பு டாக்டரைக் கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஒரே ஒரு மரபணுக் கோளாறால் வரும் பக்கவாதம் உண்டு. கடாசில் என்று பெயர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அது அபூர்வம். தம்பியின் ஸ்கேனில் அதற்கான அடையாளமே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

மற்றதெல்லாம் சில்லறைக் கணக்கு. 2022-ல் ஜிகாஸ்ட்ரோக் என்ற ஆய்வில், பக்கவாதம் வந்த 1,10,182 பேரின் மரபணுக்களை, வராத சுமார் 15 லட்சம் பேரோடு ஒப்பிட்டார்கள். 89 இடங்களில் வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டுகிறது. அதற்கு முன் 2003, 2004-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் இரண்டு மரபணுக்களைப் பிடித்தார்கள். ஹைதராபாத்திலும் ஆந்திர நோயாளிகளிடம் அவற்றைத் தேடிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பொருந்தியது இன்னோரிடத்தில் பொருந்தவில்லை.

அந்த இரண்டில் ஒன்று அழற்சியைச் சேர்ந்தது. விரலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. ரத்தக் குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்த இடத்திலும் இதேதான் நடக்கிறது, சத்தமே இல்லாமல், வருடக்கணக்கில். வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன, படிவத்தின் மேல்தோல் மெலிகிறது, ஒரு நாள் வெடிக்கிறது. அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. பீடியும் சர்க்கரையும் இதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

அழற்சியை அடக்கினால் வாதம் நிற்குமா? இங்கேதான் நம் செங்காந்தள் வருகிறது. நம் மாநில மலர்தான். மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், மூட்டு வீக்கத்துக்குப் பழைய மருந்து. மாரடைப்பு வந்தவர்களுக்குச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில் பக்கவாதம் குறைந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால், பக்கவாதம் வந்த எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்குச் சீனாவில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்று 2024-ல் எழுதிவிட்டார்கள். (கிழங்கைப் பிடுங்கி அரைத்துக் குடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உயிரை எடுக்கும் விஷம் அது.)

22 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில் இந்தியாவும் உண்டு. பத்துக் காரணங்களே ஏறக்குறைய 90 சதவீத ஆபத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன என்று 2010-ல் வெளியிட்டார்கள். முதலிடம் பி.பி.க்கு. அப்பாவுக்கு யாரும் பி.பி. பார்த்ததே கிடையாது. தம்பியோ, தலை சுற்றல் இல்லை என்று மாத்திரையை எட்டு மாதம் முன்பே நிறுத்தியிருந்தான்.

"டெஸ்ட் வேணாம்மா, உனக்குப் பி.பி. பார்த்தாச்சா?" என்று கேட்டேன். அன்றே பார்த்தோம், 118/76. மாப்பிள்ளை வீட்டாருக்கு இது போதவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. பெண் ஒரு வாரம் அழுதாள், பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தம்பிக்குக் கை மரத்தது காலை ஒன்பது மணிக்கு. படுத்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொண்டான். வேலூர் போய்ச் சேரும்போது மூன்று மணி. இப்போது பேச்சு திரும்பிவிட்டது. சட்டைப் பொத்தான் போடத்தான் இன்னும் அவன் மனைவி வர வேண்டியிருக்கிறது.