ஃபிரெஸ்னோவில் ஒரு கோடை

சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனியை விட்டுத் தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் ஃபிரெஸ்னோ வரும். வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள், பாதாம் மரங்கள். கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். திராட்சையை உலர்த்திப் பிழைக்கும் ஊருக்கு அந்த வெயில்தான் முதலீடு. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கடலோரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பேஸ்பாலை நேசிப்பவர்கள் இங்கே அவசியம் வர வேண்டும்.

ஒசாகாவின் நான்காய் ஹாக்ஸ் அணி, 1964இல் மூன்று இளைஞர்களைப் பயிற்சிக்காக சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் மைனர் லீக்குக்கு அனுப்பியது. இருவர் ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸுக்குப் போனார்கள். இடதுகைப் பந்தெறியாளர் மசனோரி முராகாமி ஃபிரெஸ்னோவில் தங்கினார்.

அவருக்கு வாய்த்தது நல்ல ஊர். ஜப்பானிலிருந்து வந்து வயல்களில் உழைத்த குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வேரூன்றியிருந்தன. ஹிரோஷிமாவில் பிறந்த கெனிச்சி ஸெனிமுரா அங்கே அணி திரட்டியவர். 1927இல் பேப் ரூத், லூ கெஹ்ரிக் ஆகியோருடன் அதே ஊர் மைதானத்தில் ஆடியவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்தது. அரிசோனாவின் கீலா ரிவர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஸெனிமுரா, பாலைவனப் புதர்களை வெட்டி அங்கேயும் ஒரு மைதானம் அமைத்தார். போருக்குப் பின் ஃபிரெஸ்னோவுக்கே திரும்பினார். முராகாமி வந்திறங்கியபோது வேறு நாட்டிலிருந்து வந்த பையனாக அவரைப் பார்க்காமல், வீட்டில் சேர்த்துச் சோறு போட அந்தச் சமூகம் இருந்தது. மைனர் லீக்கின் நீண்ட பஸ் பயணங்களையும் புரியாத மொழியையும் இருபது வயதில் தாங்கிக்கொள்ள அது எவ்வளவு பெரிய துணை!

அந்தப் பருவத்தில் 106 இன்னிங்ஸில் 159 பேரை அவர் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஓர் இன்னிங்ஸில் வீழ்த்த வேண்டிய மூவரில் சராசரியாக ஒன்றரைப் பேர். செப்டம்பர் 1 அன்று ஜயன்ட்ஸ் அணிக்காக நியூயார்க்கின் ஷே மைதானத்தில் மெட்ஸ் அணிக்கு எதிராகக் களமிறங்கி, மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார்.

அதன்பின் ஜயன்ட்ஸும் நான்காயும் அவருக்காகச் சண்டையிட்டன. பத்தாயிரம் டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை வாங்கிவிட்டதாக ஜயன்ட்ஸ் சொன்னது. பையனைத் திருப்பி அனுப்பு என்றது நான்காய். 1965 பருவத்தை மட்டும் அமெரிக்காவில் முடித்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஜப்பானியராக ஹிதேயோ நோமோ மேஜர் லீக்குக்கு வர 1995 ஆயிற்று. முராகாமியின் கோடைக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதானா என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஃபிரெஸ்னோவிலிருந்து மேற்கே, கீரைவயல்கள் சூழ்ந்த சலினாஸில் இன்னொரு தடம் உண்டு. அதற்குமுன் ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் ஒரு நாள்கூட ஆடியிராத மாக் சுஸுகி, பதின்பருவத்தில் அங்கே சேர்ந்து, 1996இல் சியாட்டில் அணிக்காக மேஜர் லீக்கில் நுழைந்தார். அதேபோல் ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் ஆடாமலே அமெரிக்கா வந்த ஜூனிச்சி தாசாவா 2009இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் பந்தெறியத் தொடங்கினார். ஜப்பானிய அணிகளைத் தவிர்த்து நேராகப் போனதற்காக, அவரைப் போன்றவர்கள் திரும்பி வந்தாலும் சில ஆண்டுகள் சேர்க்கக் கூடாது என்று அந்த அணிகள் விதி செய்தன. 2020இல்தான் அதை நீக்கினார்கள்.